நான் திருத்திய ஒரு சொல்

இருபத்து நான்கு வயதில் எனக்கு இருந்த ஆங்கிலத் திமிர் கொஞ்சநஞ்சமல்ல. தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் ஹையர் தேறி, இரண்டிலும் முதல் வகுப்பு. கூத்தாநல்லூரில் எங்கள் தெருவிலிருந்து சர்க்கார் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். கல்யாணமாகாத குமரை பஸ் ஏற்றி ஊர் விட்டு ஊர் வேலைக்கு அனுப்புகிறார்களே என்று தெருவில் பேச்சு எழுந்தபோது, மலாயாவில் இருபது வருஷம் கடை வைத்துவிட்டுத் திரும்பியிருந்த தகப்பனார், எங்கள் அத்தா, காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. அவர் கப்பலில் கொண்டுவந்த சாமான்களோடு செங்கல் கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்திருந்தது. ஒரு சொல்லைத் தேடிப் போனால், ஏறக்குறைய அதே பொருளில் இருபது சொற்களைப் பக்கம் நிறைய அடுக்கிக் காட்டும். மற்ற பெண்கள் வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்த வயதில் நான் அதைப் படித்தேன்.

வேலை மன்னார்குடியில். நெல் மண்டி ஒன்றின் மாடியை வாடகைக்குப் பிடித்து, குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் அலுவலகத்தை வைத்திருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. அதுவரை எங்கள் பக்கத்தில் குத்தகை என்பது வாய்ப்பேச்சுதான். அப்பன் உழுதான், மகன் உழுகிறான், மிராசுதாருக்கு நெல் அளக்கிறான். காகிதம் ஒன்றும் கிடையாது. புதுச் சட்டம் வந்து, தன் உடம்பால் பாடுபட்டு உழுகிறவன் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் அவனை லேசில் கிளப்ப முடியாது என்றானதும், பெயர் ஏறுவதற்குள் கிளப்பிவிட வேண்டும் என்று பல மிராசுகள் கிளம்பின. எங்கள் மாடிப்படியில் ஒரு பக்கம் சிவப்புத் துண்டுகள், மறுபக்கம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைகள். விசாரணை நாளில் கீழே மண்டிக்காரர் பயந்துபோய்க் கதவைப் பாதி சாத்தி வைத்துவிடுவார்.

அதிகாரி தாசில்தார் அந்தஸ்துக்காரர், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நாற்றையும் கோரையையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்லத் தடுமாறுவார். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்பார். சேற்றுக் காலோடு வந்தவரும் அவர் முன்னால் நாற்காலியில்தான் உட்கார வேண்டும். வாழ்நாளில் நாற்காலியில் உட்கார்ந்திராதவர்கள் அதன் ஓரத்தில் தொற்றிக்கொண்டு வாக்குமூலம் கொடுப்பதைப் பார்க்க, மிராசுதார்களின் காரியஸ்தர்களுக்கு வயிறு எரியும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பிடிக்காதது அவருடைய ஆங்கிலம். சாட்சி தமிழில் சொல்வார். அதிகாரி அதை ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்ல, நான் சுருக்கெழுத்தில் எடுத்துப் பிறகு தட்டச்சு செய்ய வேண்டும். தமிழில் நடத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு இருந்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறிதான் இன்னும் வந்து சேரவில்லை. அவர் ஆங்கிலமோ எல்லாம் 'வென்ட்', 'கேம்', 'கேவ்', 'டுக்'. மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகம்தான். போனான் என்பதற்கு எத்தனை அழகான சொற்கள் இருக்கின்றன, இந்த மனிதர் 'வென்ட்' என்றே எத்தனை நாள் ஓட்டுவார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஆகவே நான் திருத்த ஆரம்பித்தேன். முதலில் ஒன்றிரண்டு. 'வென்ட்' வந்த இடத்தில் 'ப்ரொசீடட்'. 'கேவ்' என்பது 'டெலிவர்ட்' ஆயிற்று. 'டோல்ட்' என்று அவர் சொன்னால் தாளில் 'இன்ஃபார்ம்ட்' என்று விழும். அவர் கையெழுத்துப் போடுமுன் படிப்பதில்லை; நாளைக்கு முப்பது பேர் என்றால் எங்கே படிப்பது? ஒரு தடவை மட்டும் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "நம்ம ஆபீஸ் இங்கிலீஷ் கலெக்டர் ஆபீஸைத் தூக்கிச் சாப்பிட்டுடும் போலிருக்கே" என்றார். அதை மெச்சுதல் என்று எடுத்துக்கொண்டு, அன்று பஸ்ஸில் கால் தரையில் படாமல் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு புரட்டாசி மாதத்தில். முப்பது வயது இருக்கும். பாமணியாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பெண் குழந்தைகளையும் நடத்திக் கூட்டிவந்திருந்தார். கழுத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல் வரும் ஐந்து மா நிலத்தை அவர் கணவர் பன்னிரண்டு வருஷமாகக் குத்தகைக்குச் செய்து வந்தார். மாசி அறுவடை முடிந்த கையோடு நெஞ்சுவலியில் போய்விட்டார். சித்திரையில் அண்ணன்மார் வந்து இவரைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஆடியில் திரும்பி வந்தால், மிராசுதாரின் டிராக்டர் ஐந்து மாவையும் உழுது முடித்திருந்தது. பெண்பிள்ளையால் என்ன உழ முடியும் என்று காரியஸ்தர் வரப்பில் நின்று கேட்டிருக்கிறார். அந்த நிலத்துக்குத் தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிய வேண்டும் என்பதுதான் மனு. அது கிடைக்காவிட்டால் அவருக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் கூலிவேலை. அதுவும் அந்த மிராசுதாரின் வயலிலேயே.

நாற்காலியில் அவர் ஓரமாகத் தொற்றிக்கொள்ளவில்லை. நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார். அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. கணவர் இறந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு நீளமாக ஒரு பதில் சொன்னார். அதன் முடிவில், நிலத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போனேன் என்றார். அதிகாரி அந்த நீளத்தை ஒரே வரியாக்கினார். நிலத்தை 'லெஃப்ட்', அம்மா வீட்டுக்கு 'வென்ட்'.

நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. 'வென்ட்' வழக்கம்போல 'ப்ரொசீடட்'. 'லெஃப்ட்' என்பது என் விரல் நுனியில் 'அபாண்டன்ட்' ஆயிற்று. கம்பீரமான சொல், மூன்று அசை. அதைத் தட்டியபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

வாக்குமூலத்தைச் சாட்சிக்கு அவர் மொழியில் படித்துக் காட்டி ரேகை வாங்க வேண்டும் என்பது விதி. படித்துக் காட்டியதும் நான்தான். என் ஆங்கிலத்தை நானே தமிழாக்கி, நிலத்தை விட்டுவிட்டுப் போனேன் என்று படித்தேன். அவர் சரிதான் என்று தலையசைத்துக் கட்டை விரலைப் பதித்தார். காதில் கேட்டது ஒன்று, ரேகை விழுந்தது வேறொன்றின்மேல்.

கார்த்திகையில் வழக்கு மறுபடி வந்தது. மிராசுதாரின் வக்கீல் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். பெரிய படிப்பாளி. எழுந்து நின்றதும் வேறு எதையும் தொடவில்லை, என் தட்டச்சுத் தாளைத்தான் தூக்கிப் பிடித்தார். ஆங்கிலத்தில் அவர் பேசியதன் சாரம் இது: மனுதாரர் நிலத்தைவிட்டு வெளியேறினேன் என்று சொல்லவில்லை, தற்காலிகமாக அகன்றேன் என்றும் சொல்லவில்லை; கைவிட்டேன் என்று சத்தியப் பிரமாணத்தின்மேல் சொல்லியிருக்கிறார். கைவிட்டவருக்குக் குத்தகை உரிமை எங்கிருந்து வரும்? பிறகு அந்த ஒரு சொல்லை எடுத்துவைத்துக்கொண்டு, அதன் அண்டைவீட்டுச் சொற்கள் ஒவ்வொன்றிலிருந்தும் அது எப்படி வேறுபடுகிறது என்று கால்மணி நேரம் விளக்கினார். என் புத்தகத்தின் அதே பக்கத்தை அவரும் படித்திருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் எழுந்து கைதட்டியிருப்பேன்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் வக்கீலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்திருந்தது. அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது. அடுத்த வாரம் உத்தரவு என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். 'லீவ்' என்ற சொல்லுக்கான பக்கம். எத்தனையோ தடவை படித்த பக்கம்தான். அவை எல்லாம் ஒரே பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எது காதுக்கு இனிமையோ அதை எடுத்துப் போட வேண்டியதுதான், புடவைக்கு ரவிக்கை பொருத்துவதுபோல. அன்றுதான் ஒவ்வொன்றையும் அந்தப் பெண்ணின்மேல் வைத்துப் பார்த்தேன். 'குவிட்' என்றால் கோபித்துக்கொண்டு துண்டை உதறிப் போட்டுவிட்டுப் போகிறவர். 'வெக்கேட்' என்பது சாமானை வண்டியில் ஏற்றி, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுப்பது. 'சரண்டர்' என்ற சொல்லில் எதிரே துப்பாக்கியோடு யாரோ நிற்கிறார்கள். 'ரிலிங்க்விஷ்' என்பதற்கு முத்திரைத்தாள் வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். 'டெசர்ட்' என்றால் பட்டாளத்துக்காரனோ புருஷனோ செய்கிற துரோகம். 'அபாண்டன்' என்பது இனி திரும்பிப் பார்ப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டுப் போவது. கோயில் வாசலில் குழந்தையைப் போட்டுவிட்டுப் போகிறார்களே, அது. அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு சொல்தான் யார்மேலும் எந்தப் பழியும் போடாமல் இருந்தது. 'லெஃப்ட்'. இருந்த இடத்தில் இப்போது இல்லை, அவ்வளவுதான்.

தமிழிலும் அப்படித்தானே என்று தோன்றியது. துறந்தாள் என்றால் ஒரு பெருமை வருகிறது, ஒழித்தாள் என்றால் ஓர் அருவருப்பு. கைவிட்டாள் என்றால் கையைப் பிடித்துக்கொண்டிருந்த யாரோ கீழே விழுகிறார்கள். இவ்வளவு நுணுக்கமாக மனிதர்கள் சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறார்களே என்று அந்தக் கலவரத்திலும் எனக்கு வியப்பாகத்தான் இருந்தது. எத்தனை தலைமுறை எத்தனை விதமாகப் பிரிந்து போயிருந்தால் ஒரு சொல்லுக்கு இத்தனை கிளை முளைத்திருக்கும்! அத்தனையையும் நான் நகைப்பெட்டி என்று நினைத்து அள்ளி அள்ளிப் போட்டிருந்தேன். எத்தனை பேர் வாக்குமூலத்தில் இன்னும் என்னென்ன கிடக்கிறதோ.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. என் நியமனம் தற்காலிகம். ஒரு துண்டுத்தாளில் நான்கு வரி எழுதினால் போதும், மறுநாள் வரவேண்டாம் என்று அனுப்பிவிடலாம். என்னைப் பார்த்து இரண்டு பெண்கள் தட்டச்சுப் பள்ளியில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் கதியும் என்ன ஆகுமோ. இதெல்லாம் நினைத்துப் பார்த்ததை மறைக்க விரும்பவில்லை. ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தேன். மறுநாள் அலுவலகம் திறந்ததும் அதிகாரி முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன்.

அவர் சுருக்கெழுத்து நோட்டைக் கேட்டார். அவருக்கு அது படிக்கத் தெரியாது. 'லெஃப்ட்' எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் விரல் வைத்துக் காட்டினேன். சின்னதாக ஒரு கோடு, அவ்வளவுதான். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல, "எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் அவ்வளவுதாம்மா. நீங்க நல்லா எழுதுறீங்கன்னு நானும் படிக்காம கையெழுத்துப் போட்டேன்" என்றார். நான் இத்தனை நாள் மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

'லெஃப்ட்' என்றே பதிவாகியிருந்தாலும் வக்கீல் அதையும் இழுத்துப் பிடித்துத்தான் வாதாடியிருப்பார், ஆகவே சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, அந்தப் பெண்ணையே மறுபடி கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றார். உத்தரவு நாள் விசாரணை நாளாயிற்று.

அன்று மாடி நிறைந்திருந்தது. அதிகாரி எல்லோர் முன்னாலும், தான் சொன்னது ஒன்று, பதிவானது ஒன்று, கையெழுத்து தன்னுடையது, ஆகவே தவறும் தன்னுடையது என்று சொன்னார். என் பெயர் அதில் இல்லை. என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. அதைக் கேட்டுக்கொண்டு பொம்மைபோல உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. எழுந்து, அந்தச் சொல்லைப் போட்டது நான்தான் என்றேன். மிராசுதாரின் வக்கீல் ஆட்சேபணை சொன்னார். அந்தப் பெண் திரும்பி முதன்முதலாக என்னைப் பார்த்தார்.

அதிகாரி அவரிடம் பழைய கேள்வியையே திரும்பக் கேட்டார்.

"அன்னைக்கே சொன்னேனேங்க. கிடை கட்டி முடிச்சுட்டு, அப்பறந்தான் நெலத்த அப்புடியே வுட்டுட்டு எங்கம்மா வூட்டுக்குப் போனேன்னு. ஐயா எழுதலையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று அவர் சொன்ன நீளமான பதிலில் கிடை என்ற சொல் என் காதில் விழத்தான் செய்தது. அதிகாரிக்கு அது என்ன என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை, தாண்டிப் போய்விட்டார். நான் அந்த ஊர்ப்பக்கத்துக்காரி, எனக்குத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் வராதது எனக்குச் செய்தியாகவே படவில்லை. ஒரு சின்னச் சொல்லைப் பெரிதாக்கியது போதாதென்று, முக்கியமானதை இரண்டு பேருமாக விட்டுத் தொலைத்திருந்தோம்.

கிடை என்றால் என்ன என்று அதிகாரி இப்போது கேட்டார். மாடி முழுக்கச் சிரித்தது. சிவப்புத் துண்டும் வெள்ளைச் சட்டையும் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மிராசுதாரின் காரியஸ்தருக்குப் பொறுக்கவில்லை. விவசாயம் தெரியாதவர் விவசாயத்தை விசாரிக்கிறாரே என்று அவருக்கு நெடுநாள் குறை. கேட்காமலே எழுந்து பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். கோடையில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்டு மந்தைகள் வரும், அறுத்த வயலில் ராத்திரி அடைத்து வைப்பார்கள், புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும், அந்த உரத்துக்கு ஈடாக எந்த மூட்டை உரமும் வராது என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார். பேச்சு வேகத்தில் அவருக்கு இடம் பொருள் மறந்துவிட்டது.

"இப்ப வழக்குல இருக்கே, இந்த அஞ்சு மா, இதுலயே ஏழு நாள் கிடை கெடந்துச்சுங்க. நாங்க ஒரு புடி உரம் வைக்கல. போய்ப் பாருங்க, பயிர் கருகருன்னு நிக்கிது."

வக்கீல் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதிகாரி, அந்தப் பெண்ணிடம் திரும்பி, மேற்கொண்டு சொல்ல ஏதாவது இருக்கிறதா என்றார்.

"அவுரே சொல்லிட்டாருங்க. மூணு வருசத்துக்குத் தாங்குற எருவ எறக்கிட்டு, எவளாவது அந்த நெலத்த வேணாம்னுட்டுப் போவாளாங்க?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். வக்கீல் கால்மணி நேரம் பேசியதற்கு அது பதில். அந்தப் பெண் அந்த ஆங்கிலப் பேச்சில் ஒரு வரி புரியாமல் உட்கார்ந்திருந்தவர். ஆனால் கைவிடுவதற்கும் விட்டுவிட்டு வருவதற்கும் என்ன வித்தியாசம் என்பதை எங்கள் யாரையும்விடத் தெளிவாக, ஏழு நாள் ஆட்டுக்கிடையாக வயலிலேயே போட்டு வைத்திருந்தார். எந்தப் புத்தகத்திலும் நான் அப்படி ஒரு விளக்கத்தைப் படித்ததில்லை. எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல இருந்தது. எங்கள் முஸ்லிம் வழக்கத்தில் அது இல்லை.

காரியஸ்தர் அதற்குள் சுதாரித்துக்கொண்டார். கிடைக்குக் கூலியாக நெல் அளந்தது பண்ணைதான் என்று ஒரு போடு போட்டார். அளந்தது யார் என்று தெரிய வேண்டுமானால், மந்தைக்குத் தலைவரான கீதாரியைத்தான் கேட்க வேண்டும். அவரோ மந்தையோடு எங்கேயோ இருந்தார். இனி மாசியில்தான் இந்தப் பக்கம் வருவார். வாய்தா மாசிக்குப் போயிற்று. தை மாதம் அந்த ஐந்து மாவில் விளைந்ததை மிராசுதார்தான் அறுத்தார். புரட்டாசியிலேயே சரியாக எழுதியிருந்தால், கீதாரியைத் தேடிப் பிடிக்க அறுவடைக்குள் நான்கு மாதம் இருந்திருக்கும். அந்தக் கதிர் அந்தப் பெண்ணின் களத்துக்கு வந்திருக்கலாம். நான் பஸ்ஸில் போகும்போது இருபுறமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் உட்காராமல் உள்பக்கமாக உட்கார்ந்து போனேன்.

மாசியில் கீதாரி வந்தார். தோளில் கம்பளி, கையில் கம்பு, கூடவே ஆட்டு வாடை. அவரையும் அதிகாரி நாற்காலியில் உட்கார்த்தினார். போன வருஷம் அந்த வயலுக்கு நெல் அளந்தது யார் என்று கேட்டதும் யோசிக்கவே இல்லை, அந்தப் பெண்ணைக் கைகாட்டினார். எத்தனையோ வயலில் கிடை போடுகிறீர்கள், இது மட்டும் எப்படி நினைவிருக்கிறது என்று வக்கீல் மடக்கினார்.

"கருமாதி முடிஞ்ச மறுநாளு இந்தத் தாயி தலைச்சுமையா நெல்லத் தூக்கியாந்துச்சு. அடுத்த வருசம் வாங்கிக்கிறேன்னேன். கேக்கல. மண்ணு வெறும் வயித்தோட கெடக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. அத எப்புடிங்க மறக்குறது?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, தாய் என்ற இடத்தில் நின்றார், மண் என்ற இடத்தில் நின்றார். கடைசியில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னார். கீதாரி சொன்னதைச் சொன்னபடியே, அந்தக் கொச்சையோடு கையால் எழுதினேன். ஒரு சொல்லையும் தொடவில்லை. அதைவிட நல்ல வாக்கியம் நான் என் வேலைக்காலம் முழுவதும் எழுதியதில்லை.

வைகாசியில் உத்தரவு தயாரானது. தமிழ்த் தட்டச்சுப் பொறி அதற்குள் வந்திருந்தது. விசைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடித் தேடி, ஒரு பக்கத்தை அடிக்க அரை நாள் ஆயிற்று. ஐந்து மாவுக்கும் குத்தகைதாரர் அந்தப் பெண் என்று உத்தரவு சொன்னது. என் வேலை போகவில்லை. எச்சரிக்கை என்று என் கோப்பில் ஒரு தாள் ஏறியது. அதை அதிகாரி தன் கையாலேயே எழுதினார், தன் தவறையும் அதிலேயே குறித்திருந்தார்.

நகல் வாங்க அந்தப் பெண் தனியாக வந்தார். மேட்டூர் இன்னும் சில நாளில் திறந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. அதற்குள் நாற்றங்கால் தயார் செய்ய வேண்டும் என்று அவருக்கு அவசரம். என்றாலும் படித்துக் காட்டச் சொல்லி உட்கார்ந்தார். நான் படித்தேன். தன் பெயர் வந்த இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். நான் மனதுக்குள் தயாராக வைத்திருந்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் கேட்டுவிட்டார்.

"படிச்சது பூரா இந்தத் தாள்ல இருக்காங்க?"

இருக்கிறது என்றேன்.

"நீங்களா ஒண்ணும் சேக்கலையே?"

கோபமே இல்லை அந்தக் கேள்வியில். குத்திக் காட்டவும் இல்லை. விதைநெல் வாங்குகிறவர் பதர் இருக்கிறதா என்று கேட்பாரே, அப்படித்தான் கேட்டார். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை என்று சொன்னேன். அவர் தாளுக்குக் கை நீட்டினார்.

"நீங்க சொன்னா சரிங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, வேற வழி ஏது?"

நான் தாளை அவர் கையில் கொடுக்கவில்லை. முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, மறுபடியும் படிக்கத் தொடங்கினேன்.